ஞாயிற்றுக்கிழமை யாருடையது?

மதச்சார்பற்ற சர்க்கார் என்று பெயர் பூண்ட ஒரு சர்க்கார், ஒரு மதத்தாரின் தொழுகை நாளில் மட்டும் தன் கச்சேரிகளையும் பள்ளிக்கூடங்களையும் மூடி வைப்பது எங்ஙனம் பொருந்தும்? இக்கேள்வி நம் தேசத்தில் அவ்வப்போது எழுகின்றது. எழுப்புவோர் எல்லோரும் விதண்டாவாதிகள் அல்லர். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை பாதிரிமார் கொண்டுவந்தது, அந்நிய ஆட்சியின் எச்சம், அதை மாற்றி நம் ஆசாரத்துக்குரிய நாளொன்றை வைக்கவேண்டும் என்பது ஒரு கட்சி. நாளில் என்ன இருக்கிறது, அவனவன் தனக்கு வாய்த்த நாளில் ஓய்வெடுத்துக்கொள்ளட்டும், கடையும் ஆலையும் ஏழு நாளும் நடக்கட்டும் என்பது மற்றொரு கட்சி. முன்னவர் மதத்தின் பேரால் பேசுகின்றனர். பின்னவர் வியாபாரத்தின் பேரால் பேசுகின்றனர். இரு கட்சியாரும் மறந்துவிட்ட ஒருவன் உண்டு. வாரத்தில் ஒரு நாளேனும் மனைவி மக்களோடு கூடியிருக்க விரும்பும் உழைப்பாளிதான் அவன். அவன் பக்கம் நின்று இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தைத் திட்டமாகச் சொல்லிவிட விரும்புகிறோம்.

ஞாயிறு ஓய்வுக்கு மதமே மூலம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கி.பி. 321-ல் ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன், சூரியனுக்குரிய நாளில் நியாயாதிபதிகளும் நகரவாசிகளும் தொழிற்கூடங்களும் ஓய்ந்திருக்க வேண்டுமென்று கட்டளை பிறப்பித்தான். உழவர்களுக்கு மட்டும் விலக்களித்தான்; பருவம் தவறினால் பயிர் கெடும் அல்லவா? பிற்காலத்தில் ஐரோப்பாவின் கிறிஸ்தவ அரசுகள், அந்நாளில் வேலை செய்வதைப் பாவமென்றும் குற்றமென்றும் சட்டம் வகுத்தன. இவை சரித்திர உண்மைகள்.

ஆனால் இந்தியத் தொழிலாளிக்கு ஞாயிறு எப்படிக் கிடைத்தது என்பது வேறு சரித்திரம். வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் ஞாயிறன்று மாதாகோயிலுக்குப் போனார்கள். அவர்களுடைய கச்சேரிகள் மூடியிருந்தன. பம்பாயில் பஞ்சாலைகளில் நூல் நூற்றுக்கொண்டிருந்த இந்தியனுக்கு அந்தச் சலுகை இருந்ததா? இல்லை. அதற்காகப் போராடியவர் ஜோதிராவ் பூலேயின் தோழரான நாராயண் மேகாஜி லோகண்டே. 1884-ல் அவர் ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டிச் சங்கம் கண்டார். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டுமென்று ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட மகஜரைச் சமர்ப்பித்தார். ஆறு ஆண்டுகள் கழிந்த பின், 1890 ஜூன் மாதத்தில், பம்பாய் ஆலை முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு இணங்கினார்கள். அடுத்த ஆண்டே, 1891-ல், தொழிற்சாலைச் சட்டத்திலும் வார ஓய்வு இடம் பெற்றது. ஞாயிறு கண்டோபா தெய்வத்துக்கு உகந்த நாள் என்பதையும் லோகண்டே ஒரு காரணமாக எடுத்துக் காட்டினார் என்று கூறுவர். ஆகவே, இந்த விடுமுறையை அந்நியன் போட்ட பிச்சை என்று இகழ்வோர், அதைப் போராடிப் பெற்ற இந்தியத் தொழிலாளியையே இகழ்கின்றனர்.

தமிழ்நாட்டுக்கும் ஞாயிறு அந்நியமன்று. நாகர்கோவில் நாகராஜா கோயிலிலும், தஞ்சையை அடுத்த புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலிலும் ஆவணி ஞாயிறுகளில் ஜனங்கள் திரள்வதை யாரும் காணலாம். ஒரே நாளைக் கிறிஸ்தவர் கர்த்தருடைய நாளென்கின்றனர். நம் தாய்மார் அம்மனுக்குரிய நாளென்கின்றனர். சூரியனுடைய பெயரைத்தான் அந்நாள் தாங்கி நிற்கிறது. ஒரு நாளுக்கு ஒரு மதம்தான் சொந்தக்காரன் என்று பட்டா எழுதிக் கொடுக்க எவராலும் முடியாது.

அப்படியானால், மதத்திலிருந்து பிறந்த ஒரு வழக்கத்தை மதச்சார்பற்ற சர்க்கார் எந்த அளவுக்குக் கைக்கொள்ளலாம்? இதற்கு உரைகல் ஒன்று வேண்டும். பிற தேசத்து நியாயஸ்தலங்கள் இதே கேள்வியை ஆராய்ந்திருக்கின்றன.

கனடாவில் 1906-ஆம் வருஷத்திய கர்த்தர் தினச் சட்டம் என்று ஒன்று இருந்தது. கால்கரி நகரில் ஒரு கடை 1982-ல் ஒரு ஞாயிறன்று வியாபாரம் செய்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1985-ல் தீர்ப்பளித்த நீதிபதிகள், அச்சட்டத்தின் நோக்கமே கிறிஸ்தவரின் ஓய்வு நாளை எல்லோர் மீதும் சுமத்துவது, மனச்சாட்சிச் சுதந்திரத்துக்கு அது விரோதம் என்று சொல்லி, அதைச் செல்லாததாக்கினார்கள். மறு ஆண்டு, 1986-ல், அதே நியாயஸ்தலத்தின் முன் ஒன்டாரியோ மாகாணத்தின் மற்றொரு சட்டம் வந்தது. அதுவும் ஞாயிறன்று கடைகளை மூடச் சொன்ன சட்டந்தான். ஆனால் அதன் நோக்கம் கடைச் சிப்பந்திகளுக்கு எல்லோருடனும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைக்கவேண்டும் என்பது. சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கொள்ளும் சிறு கடைக்காரருக்கு அதில் விலக்கும் இருந்தது. அச்சட்டத்தை நீதிபதிகள் நிலைநிறுத்தினார்கள். நாள் ஒன்றே, தீர்ப்பு இரண்டு. கடவுளுக்காகக் கடையை மூடு என்று சொல்ல சர்க்காருக்கு அதிகாரமில்லை. கடைச் சிப்பந்திக்காகக் கடையை மூடு என்று சொல்ல அதிகாரமுண்டு. நாம் தேடிய உரைகல் இதுவே.

இந்த உரைகல்லைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. மேரிலாந்து ராஜ்யத்தில் ஒரு பெரிய கடையின் சிப்பந்திகள் ஞாயிறன்று விளையாட்டுச் சாமான் முதலிய சில்லறைப் பொருள்களை விற்றதற்காக அபராதம் விதிக்கப்பட்டனர். 1961-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, ஆதியில் மதத்துக்காக ஏற்பட்ட அச்சட்டம் இப்பொழுது குடும்பமும் சமூகமும் கூடிக் களிக்கும் பொது ஓய்வு நாளைக் காப்பதற்காகவே இருக்கிறதென்று கூறி அதை அனுமதித்தது. இது வரையில் நமக்கும் சம்மதமே. ஆனால் அதே வருஷம் பிலடெல்பியா நகரத்து யூத வியாபாரிகள் ஒரு முறையீடு கொண்டுவந்தனர். மதக் கட்டளைப்படி சனிக்கிழமை கடையை மூடுகிறோம்; சட்டத்தின் கட்டளைப்படி ஞாயிறும் மூடவேண்டியிருக்கிறது; எங்கள் பிழைப்பு என்னாவது என்று அவர்கள் கேட்டனர். பெரும்பான்மை நீதிபதிகள் அம்முறையீட்டைத் தள்ளினர், மூவர் மாறுபட்டனர். நியாயம் அம்மூவர் பக்கமே இருந்ததென்பது நம் கருத்து. சட்டம் ஒருவனை நோக்கி உன் மதத்தை விடு என்று வாயால் சொல்லவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் மதத்தை அனுஷ்டித்தால் வயிறு காயும்படி செய்துவிட்ட பின், சட்டத்தின் வாய் எவ்வளவு இனிமையாக இருந்தென்ன? இரண்டு வருஷங்கள் கழித்து, 1963-ல், சனிக்கிழமை வேலை செய்ய மறுத்ததால் ஆலை வேலையை இழந்த ஒரு கிறிஸ்தவப் பெண்மணிக்கு வேலையில்லாதோர் உதவித் தொகையை மறுத்தது தவறென்று அதே நியாயஸ்தலம் தீர்ப்புக் கூறியது. பெரும்பான்மையோருக்கு ஏற்ற நாள் பொது நாளாக இருக்கலாம். அதன் பாரத்தைச் சிறுபான்மையோர் தலையில் மட்டும் ஏற்றலாகாது.

இனி, ராஜாங்கங்கள் நாளையே மாற்றப் புகுந்த கதைகளைப் பார்ப்போம். பிரெஞ்சுப் புரட்சிக்காரர் 1793-ல் புதிய பஞ்சாங்கம் வகுத்தார்கள். ஞாயிற்றை ஒழிக்க வேண்டுமென்ற ஆவேசத்தில், பத்து நாளுக்கு ஒரு முறை ஓய்வென்று விதித்தார்கள். மதத்தைத் தண்டிக்கப் போய்த் தொழிலாளியைத் தண்டித்தார்கள். 1806-ஆம் வருஷப் பிறப்போடு அந்தப் பஞ்சாங்கம் கைவிடப்பட்டது. சோவியத் ராஜ்யத்தில் 1929-ல் யந்திரங்கள் ஓயாமல் ஓடவேண்டுமென்பதற்காகத் தொழிலாளர்களை ஐந்து பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு நாள் ஓய்வளித்தார்கள். கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறொரு நாள், பிள்ளைகளின் பள்ளிக்கு மற்றொரு நாள். கணக்குப்படி முன்னைவிட அதிக ஓய்வு. வீட்டிலோ எவரும் எவரையும் காண இயலவில்லை. அந்த ஏற்பாடு விரைவிலேயே தளர்ந்தது. 1940-ல் ஏழு நாள் வாரமும் ஞாயிறு ஓய்வும் மீண்டும் வந்தன. மதத்தையே ஒப்புக்கொள்ளாத ராஜாங்கமும் ஞாயிற்றை ஒழிக்க முடியாமல் திரும்பிற்று என்பதை நமது வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

மதப்பற்றினால் நாளை மாற்றியவர்களும் உண்டு. அண்டையிலுள்ள இலங்கையில் 1966-ல் ஞாயிறு விடுமுறையை நீக்கிப் பௌத்தர்களின் போயா நாட்களை வார ஓய்வு நாட்களாக்கினார்கள். சந்திரன் சர்க்கார் உத்தரவுக்குக் கட்டுப்படுவதில்லை. ஓய்வு நாள் வாரத்துக்கு வாரம் கிழமை மாறிக்கொண்டே போயிற்று. வெளிநாட்டு வியாபாரம் தடுமாறியது. கிறிஸ்தவர்கள் வேலை நாளில் தொழுகைக்கு நேரம் தேடவேண்டியதாயிற்று. அங்குள்ள தமிழர்களில் சைவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் தங்கள் வாரத்தைப் பிறர் பஞ்சாங்கப்படி எண்ண வேண்டியிருந்தது. 1971-ல் ஞாயிறு திரும்பியது; பௌர்ணமிப் போயா நாட்கள் மாத்திரம் பொது விடுமுறைகளாக நீடிக்கின்றன. பாகிஸ்தானிலும் 1977-ல் வெள்ளிக்கிழமையை வார விடுமுறையாக்கி, 1997-ல் மீண்டும் ஞாயிற்றுக்கே வந்தார்கள்.

இவற்றுக்கெல்லாம் எதிராக ஒரு நல்ல உதாரணமும் உண்டு. அதுவும் பிரான்ஸ் தேசத்ததே. 1905 டிசம்பரில் அத்தேசம் கிறிஸ்தவ சபைகளுக்கும் ராஜாங்கத்துக்கும் இருந்த பந்தத்தை அறுத்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கூரியேர் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடி விபத்து நேர்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தொழிலாளரின் நிலைமை பற்றித் தேசமெங்கும் கொந்தளிப்பு மூண்டது. 1906 ஜூலையில் வார ஓய்வுச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் எந்நாளை ஓய்வு நாளாக்கிற்று? ஞாயிற்றுக்கிழமையைத்தான்! மதத்தோடு விவாகரத்துச் செய்துகொண்ட எட்டு மாதத்துக்குள் ஒரு ராஜாங்கம் ஞாயிற்றைத் தேர்ந்தெடுத்தது. அதனால் அது மதச் சார்புடையதாகிவிடவில்லை. ஜனங்களுக்குப் பழக்கமான நாளை ஜனங்களின் ஓய்வுக்காக எடுத்துக்கொண்டது, அவ்வளவே.

நமது அரசியல் சட்டமும் இவ்வழியையே காட்டுகிறது. மதச்சார்பின்மை என்ற சொல் அதன் முகவுரையில் சேர்ந்தது 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தினால்தான். ஆயினும் அதன் சாரம் தொடக்கத்திலேயே இருந்தது. 25-ஆவது விதி ஒவ்வொருவருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரம் தருகிறது. 27-ஆவது விதி ஒரு மதத்தை வளர்ப்பதற்காக எவரிடமும் வரி வாங்கலாகாதென்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் இவ்விஷயத்தில் பாராட்டத் தக்க நிதானம் காட்டியது. வார ஓய்வைப் பற்றிய அதன் பிரிவில் எந்த மதத்தின் பெயரும் இல்லை. வாரத்தின் முதல் நாளில் வேலை வாங்கலாகாது என்று மட்டும் கூறியது. அன்று வேலை வாங்க நேர்ந்தால் அதற்கு முந்திய மூன்று நாளிலோ பிந்திய மூன்று நாளிலோ மாற்று ஓய்வு தரவேண்டும். பத்து நாளுக்கு மேல் ஓய்வின்றித் தொடர்ந்து வேலை வாங்கலாகாது என்றும் விதித்தது.

அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் புதிய தொழிற் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒருவரிடம் வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கலாகாது. நல்லது. ஆனால் எல்லோருக்கும் பொதுவான ஏழாம் நாள் எது என்று அப்பிரிவு சொல்லவில்லை. வாரத்தின் முதல் நாள் என்ற பழைய சொற்கள் அதில் இல்லை. இது சிறு விஷயமென்று சிலர் எண்ணலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஓய்வு என்பது வேறு, சேர்ந்து ஓய்வது என்பது வேறு. தகப்பனுக்குச் செவ்வாய், தாய்க்கு வியாழன், பள்ளிப் பிள்ளைக்கு ஞாயிறு என்று பங்கிட்டால், சட்டப்படி மூவருக்கும் ஓய்வுண்டு, குடும்பத்துக்கு ஓய்வில்லை. சோவியத் ராஜ்யம் பட்டறிந்து கைவிட்ட பாடத்தை நாம் ஏன் முதல் எழுத்திலிருந்து படிக்கவேண்டும்?

காற்று எப்பக்கம் வீசுகிறதென்பதற்கு வேறு அறிகுறிகளும் உண்டு. 2023 ஏப்ரலில் சென்னைச் சட்டசபையில், வேலை நேரம், வார ஓய்வு ஆகிய விதிகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்களிக்க சர்க்காருக்கு அதிகாரம் தரும் மசோதா ஒன்று நிறைவேற்றப்பட்டது. தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளுமே எதிர்த்தெழுந்ததால் அது வாபஸ் பெறப்பட்டது; மே தினத்தன்று முதன் மந்திரி அதை அறிவித்தார். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பெரிய ஸ்தாபனத்தின் தலைவர், தம் சிப்பந்திகளிடம் ஞாயிறன்றும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். வீட்டில் இருந்துகொண்டு என்னதான் செய்கிறீர்கள் என்ற தோரணையிலும் பேசினார்.

என்ன செய்கிறார்கள் என்று நாம் சொல்லுகிறோம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள். பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். புளிச்சோறு கட்டிக்கொண்டு குடும்ப சகிதம் ரயிலேறுகிறார்கள். ஒருவர் வேளாங்கண்ணிக்குப் போகிறார். ஒருவர் நாகூர் தர்காவுக்குப் போகிறார். ஒருவர் திருத்தணி மலை ஏறுகிறார். எந்தக் கோயிலுக்கும் போகாத ஒருவர் குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்து நிற்கிறார், அல்லது வேடந்தாங்கலில் பிள்ளைகளுக்குப் பறவைகளைக் காட்டுகிறார். மாமல்லபுரத்துக் கற்களிடையே பிள்ளைகள் ஓடி விளையாடுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் ஒரே வாயில் வழியாக ஒருவர் கைகூப்பிக்கொண்டு நுழைகிறார், மற்றொருவர் ராஜராஜனின் கல்வெட்டைப் படிக்க நுழைகிறார். அக்கோயில் பூஜை நடக்கும் ஆலயமுமாகும், சர்க்காரின் பாதுகாப்பிலுள்ள புராதனச் சின்னமுமாகும். நீ பக்தனா, பார்வையாளனா என்று வாயிற்காவலன் கேட்பதில்லை. மதச்சார்பற்ற சர்க்கார் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டுமா? ரயிலும் பஸ்ஸும் விடுவதும், குடிநீருக்கும் துப்புரவுக்கும் ஏற்பாடு செய்வதும், காவல் வைப்பதும் சர்க்காரின் வேலை. வந்தவர் கும்பிட்டாரா, குளித்தாரா, சும்மா உட்கார்ந்திருந்தாரா என்பது சர்க்காரின் வேலையன்று.

இவ்விடத்தில் ஓர் ஆக்ஷேபம் எழும். எல்லோரும் ஞாயிறன்று உல்லாசமாகப் புறப்பட்டால், பஸ் ஓட்டுகிறவன் யார், ஹோட்டலில் பரிமாறுகிறவன் யார், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கிறவள் யார்? நியாயமான ஆக்ஷேபந்தான். ஒருவரது ஓய்வுக்கு மற்றொருவர் உழைக்க வேண்டியிருக்கிறது. அப்படி உழைப்பவருக்கு மாற்று நாளும், முறை வைத்து மாதத்தில் சில ஞாயிறுகளேனும் வீட்டோடு இருக்கும் பாக்கியமும் கிடைக்கவேண்டும். பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் அவசியம் என்பதைக் காட்டி, துணிக்கடையும் ஆலையும் அவசியமென்று வாதிப்பது கபடம். அவசியம் என்பதற்கும் ஆதாயம் என்பதற்கும் பேதமுண்டு.

ஆகவே நாம் கோருவது இதுதான். புதிய தொகுப்பை நடத்தும் விதிகளிலும், தொழிற்சங்கங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களிலும், பொது ஓய்வு நாள் ஞாயிறு என்பது வெளிப்படையாக எழுதப்படவேண்டும். அந்நாளில் வேலை வாங்குவோர் ஏன் வாங்குகிறோம் என்று காரணம் காட்டவேண்டும். ஓய்வு கேட்கும் தொழிலாளி காரணம் காட்டவேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகும் முஸ்லிமுக்கும், சனிக்கிழமையைப் புனித நாளாகக் கொள்ளும் கிறிஸ்தவருக்கும் கூலியோ வேலையோ பறிபோகாமல் நேரம் ஒதுக்கித் தரவேண்டும். இது சலுகையன்று; பெரும்பான்மையோருக்குத் தானாகவே கிடைத்திருக்கும் சௌகரியத்தை மற்றவருக்கும் சமன் செய்வதேயாகும். எந்த நாளையும் ஒரு மதத்தின் வெற்றிக்கொடியாக நாட்டவும் கூடாது. மற்றொரு மதத்தின் மீதுள்ள வெறுப்பினால் பிடுங்கவும் கூடாது.

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலி உயர்வுக்கு நடத்தும் போராட்டத்தில் இந்த நாளை விலையாகப் பேசிவிடாதீர்கள். இரட்டைக் கூலி தருகிறோம், ஞாயிறன்றும் வா என்று முதலாளி அழைப்பான். ஒரு ஞாயிறு இரட்டைக் கூலிக்குப் போகும், பிறகு வழக்கமாகும், கடைசியில் ஒற்றைக் கூலிக்கே போகும். லோகண்டே காலத்துத் தொழிலாளிகள் நம்மைவிட ஏழைகள். அவர்கள் அரை வயிற்றோடு ஆறு ஆண்டு காத்திருந்து பெற்ற நாள் அது. அதை விற்கும் அதிகாரம் நமக்கில்லை.